மேஸ்திரி அனுப்பிய ‘தயவுசெய்து’

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஸ்திரியின் போனுக்கு அவர் மனைவியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் அழகிய படம், பாருங்கள்.’ இருபத்தாறு வருடக் குடும்பத்தில் அந்த அம்மாள் அவர் முகத்தை அழகென்று சொன்னதே கிடையாது. மனுஷன் வாயெல்லாம் பல்லாக அதை அமுக்கிவிட்டார். படம் எதுவும் வரவில்லை. போன் கொதித்தது. தொட்டால் எதுவும் அசையவில்லை. அதிலிருந்த எண்கள் அத்தனைக்கும் அதுவாகவே செய்தி அனுப்பத் தொடங்கியது.

மூன்றாம் மாடித் தளத்துக்குக் கம்பி கட்டி முடித்திருந்த நேரம். கலவை போடும் பெரியக்கா தன் போனைப் பார்த்துவிட்டு மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அன்பு நண்பரே, தயவுசெய்து படத்தைத் திறக்கவும்னு அனுப்பியிருக்கீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா அண்ணே?”

“நான் எங்க அனுப்பினேன்?”

“அதானே பார்த்தேன். உங்க வாயில தயவுசெய்து வர்றதுக்குள்ள இந்தக் கட்டடமே பழசாயிடும்.”

ஆட்கள் பதினெட்டு பேருக்கும் அதே செய்தி வந்திருந்தது. ஒருவர்கூடத் திறக்கவில்லை. மேஸ்திரி மரியாதையாகப் பேசினால் ஏதோ வில்லங்கம் என்று எல்லாருக்கும் தெரியும்.

சிக்கல் இன்ஜினியரிடம்தான். வெளியூரில் கூட்டத்தில் இருந்தார். கம்பி கட்டிய படத்தை ஐந்து மணிக்குள் பார்த்தால்தான் நாளைக்குக் கான்கிரீட் லாரி சொல்வார். தவறினால் அடுத்த வாரம்தான். அதுவரை பதினெட்டு பேரும் வீட்டில் சும்மா கிடக்க வேண்டும்.

பெரியக்காவின் போனிலிருந்து படத்தை அனுப்பினார்கள். பதில் உடனே வந்தது: ‘மேஸ்திரி பேர்ல வைரஸ் வருது. எந்தப் படமும் திறக்க மாட்டேன்.’ கூப்பிட்டால் எடுக்கவில்லை. மணி நாலே முக்கால்.

“குரல்ல பேசி அனுப்புங்க அண்ணே” என்றாள் பெரியக்கா.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “வணக்கம் சார். தயவுசெஞ்சு அந்தப் படத்த...”

அவள் போனைப் பிடுங்கினாள். “கெட்டுது போங்க. இதக் கேட்டா வைரஸேதான்னு முடிவு பண்ணிடுவாரு. எப்பவும் போல பேசுங்க.”

அவருக்கு அதற்கு யோசனை தேவைப்படவில்லை. “யோவ் சார், மூணு நாளா வெயில்ல காஞ்சு கருவாடா ஆயிட்டோம். நீங்க ஏசில உக்காந்துக்கிட்டு ஒரு படம் பார்க்க இவ்ளோ யோசிக்கிறீங்க. கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? திறந்து பாருங்க.”

ஐந்து நிமிடம் கழிந்தது. பிறகு பதில் வந்தது: ‘மேஸ்திரியேதான். காலை ஆறு மணிக்கு லாரி வரும். வடக்கு மூலையில கம்பிய நேரா பலகை மேலயே கிடத்தியிருக்கு. அடியில சிமென்ட் கவர் பிளாக் வெச்சுக் கம்பியத் தூக்கிட்டு மறுபடி படம் அனுப்பச் சொல்லுங்க.’

“வடக்கு மூலைய எவன்டா கட்டினது?” என்று மேஸ்திரி இரைந்தார்.

எல்லாரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். காலையில் ஆள் குறைகிறதென்று அந்த மூலையில் குனிந்து கட்டியவர் அவர்தான். பெரியக்கா சாக்கிலிருந்து நாலு கவர் பிளாக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.