பண்டி அவியிற வீடு

வட்டுக்கோட்டையில் மியூரியலின் குசினியில் ஒரு நத்தார் நாள் காலை அடுப்பேற்றிய பன்றி விலாக் கறி இன்றுவரை அவியவில்லை. சட்டியும் அதேதான், இறைச்சியும் அதேதான். குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது, வற்றுவதில்லை. துண்டை எடுத்தால் சட்டியில் குறைவதில்லை. பழுதாவதுமில்லை. விறகை இழுத்துப் போட்டு, தணலில் தண்ணீர் தெளித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டில் ஒரு கிழமை நின்று வந்தபோதும் சட்டி தன்பாட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் ஊர் திரண்டு வந்து பார்த்தது. பிறகு தக்காளி விலை ஏறியது, ஊர் அதைப் பார்க்கப் போய்விட்டது.

இத்தனைக்கும் பன்றி விலாவை மெத்தென்று அவிப்பதில் மியூரியலை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. எலும்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவிப்பாள். மிளகும் உள்ளியும் அரைத்து, வினாகிரி விட்டுப் பூசி ஊறவைப்பாள். வறுத்த தூளும் கறுவாவும் றம்பையும் போட்டு, இறைச்சியின் கொழுப்பிலேயே பிரட்டி, மூடியை இறுக்கிச் சின்ன நெருப்பில் விட்டால், மத்தியானம் எலும்பைப் பிடித்து இழுக்க எலும்பு மட்டும் கையில் வரும். பன்றி என்ற சொல்லையே வாயில் எடுக்காத சைவக்கார அயலட்டைகள்கூட நத்தாருக்குப் பின்வேலியால் ஒரு சின்னச் சட்டியை நீட்டுவார்கள். வாங்கியதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கிணற்றடியில் நின்றே தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல உள்ளே போவார்கள். மியூரியலுக்கு அதில் பெருமைதான். எதை எங்கே வைத்து, எதில் போட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்பதில் அவளும் கெட்டிக்காரி.

அவளுடைய ஒரே மகள் நிஷானி, பருத்தித்துறையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஜெரிசனைக் கலியாணம் செய்தாள். ஜெரிசனும் வேதக்காரன்தான். அவனுடைய தாய் தகப்பன், நிஷானியின் தகப்பன் ஞானரட்ணம் மாஸ்ரர் போகும் அதே தேவாலயத்துக்குத்தான் காலங்காலமாக வந்தார்கள், கடைசி வரிசை வாங்கில் இருந்தார்கள். நற்கருணைக்கு மாஸ்ரர் வாய் வைத்த கிண்ணத்தில்தான் அவர்களும் வாய் வைத்தார்கள். அந்தக் கிண்ணம் ஆண்டவருடையது. வீட்டுப் பீங்கான் அப்படியல்ல. சாதியைப் பற்றி மாஸ்ரர் ஒரு நாளும் கதைத்ததில்லை. கதைக்கத் தேவையில்லாத அளவுக்கு அது அந்த வீட்டில் ஒழுங்காக நடந்தது. கலியாண எழுத்துக்கு அவர் போகவில்லை. வருடம் முடியும்போது, “நத்தாருக்கு வரச் சொல்லும்” என்று மட்டும் மியூரியலிடம் சொன்னார். அவள் சந்தோசத்தில் அன்றைக்கே வீடு முழுக்கக் கூட்டினாள்.

ஜெரிசன் வெறுங்கையோடு வரவில்லை. விடியவே சந்தைக்குப் போய் நல்ல இளம் விலாவாகப் பார்த்து, அளவாக வெட்டுவித்து, சொப்பிங் பையில் கொண்டுவந்து நீட்டினான். “மாமி, உங்கடை கையாலை விலா சமைச்சால் அதுக்கு நிகரில்லையெண்டு இவளுக்கு ஒரே புளுகம். இண்டைக்குப் பாப்பம்” என்று சிரித்தான். மியூரியலும் சிரித்தாள். பெடியன் நல்லவன் என்று அவளுக்கு அந்த இடத்திலேயே பட்டது. மத்தியானம் முள்ளுக்கரண்டியால் குத்திப் பார்க்க, இறைச்சி இடம் விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போதும். அலுமாரியைத் திறந்து, சீதனமாக வந்த நீலப்பூப் பீங்கான்களை எடுத்தாள். ஞானரட்ணம் மாஸ்ரர் தலையைத் தூக்கிப் பீங்கான்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து கண்ணாடியைத் துடைத்தார். அவ்வளவுதான்.

மியூரியல் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். நல்ல தலைவாழையிலையாக ஒன்று வெட்டி, கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். மற்றவர்களுக்கு முன்னால் பீங்கான், ஜெரிசனுக்கு முன்னால் இலை. “விருந்தாளிக்கு இலைதானே மரியாதை” என்று தேவைக்கு மேலே சத்தமாகச் சொன்னாள். இலையைச் சாப்பிட்டு முடியக் குப்பையில் எறியலாம், பீங்கானைக் கழுவித் திரும்ப அலுமாரியில் வைக்க வேண்டும். மேசையில் இருந்த யாருக்கும் இதை விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஜெரிசன் வெறும் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு செத்தவீட்டில் மடிப்பதுபோல அதைத் தன் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக மடித்து வைத்தான். “பசியில்லை மாமி” என்று எழும்பினான். நிஷானி தன் பீங்கானைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் பின்னால் போனாள். பார்சலாவது கட்டிக் கொடுப்போம் என்று மியூரியல் குசினிக்கு ஓடினாள். முள்ளுக்கரண்டி இறங்கவில்லை. இறைச்சி கல்லாகிக் கிடந்தது. மாஸ்ரர் தனியே இருந்து ஸ்தோத்திரம் சொல்லி, ஒரு துண்டைப் போட்டுச் சப்பத் தொடங்கினார்.

பிறகு செய்யாத வேலையில்லை. பிறஷர் குக்கரில் போட்டாள், பப்பாசிக்காய் அரைத்துப் போட்டாள், கள்ளு விட்டாள். போதகர் வந்து சட்டிக்கு முன்னால் ஜெபம் செய்தார், அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், அவர் அதைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனார். பக்கத்து அடுப்பில் ஆடும் கோழியும் வழமைபோல அவிந்தன. மாஸ்ரர் மட்டும் தினமும் மத்தியானம் ஒரு துண்டு கேட்டு வாங்குவார். “நல்லாத்தான் அவிஞ்சிருக்கு” என்பார். முன்பல் போயிற்று, கடைவாய்ப்பல் போயிற்று, கடைசியில் பல்லில்லாத முரசாலேயே சூப்பிக்கொண்டு, “நல்லாத்தான் அவிஞ்சிருக்கு” என்றார். வந்தவர் போனவர் எல்லாரிடமும் மியூரியல் சொன்னது ஒன்றுதான்: “அவர்ரை மனம் இளகினால் உதுவும் இளகும். என்னாலை என்ன செய்யேலும்?” எல்லாரும் அவளுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபம் அவளுக்கு இதமாக இருந்தது.

நிஷானி பருத்தித்துறையிலிருந்து ரெலிபோன் எடுப்பாள். சண்டை பிடிக்க மாட்டாள், அழ மாட்டாள். “எப்ப பிள்ளை வாறியள்? ஒருக்கா வந்து என்ரை கையாலை சாப்பிட்டிட்டுப் போங்கோவன்” என்று தாய் கேட்டால், “கறி அவிஞ்சால் சொல்லுங்கோ அம்மா, வாறம்” என்பாள். பேத்தி கிறிஸ்ரினா பிறந்ததையும் நடந்ததையும் பள்ளிக்கூடம் போனதையும் மியூரியல் ரெலிபோன் படத்தில்தான் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பி, பல் தீட்ட முதல், முள்ளுக்கரண்டியை எடுத்துக் குத்திப் பார்ப்பாள். நாட்டில் எரிவாயு இல்லாமல் சனம் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற வருடம், அயலட்டை முழுக்க அவளுடைய சட்டி மூடியில் கேத்தில் வைத்துத் தேத்தண்ணீர் குடித்தது. பஸ் கொண்டக்டர்மார் அவள் வீட்டு வாசலுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அதற்கு முதல் அங்கே பஸ் நிற்பதில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய ஒரு தபசு காலத்தில் ஞானரட்ணம் மாஸ்ரர் கண்ணை மூடினார். மியூரியல் உண்மையாகவே அழுதாள். ஆனால் சொல்லத்தான் வேண்டும்: பெட்டி வாசல் தாண்ட முதல் அவள் குசினிக்குப் போய்க் குத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. ஆள் மண்ணுக்குள் போகட்டும், பிறகு இளகும் என்று பார்த்திருந்தாள். சொந்தத்தில் பெடியள் எல்லாம் கனடாவில், பெட்டி தூக்க ஆள் காணாமல் இருந்தது. செத்தவீட்டுக்கு வந்த ஜெரிசன் சேட்டுக் கையை மடித்துவிட்டு ஒரு முனையைத் தோளில் வாங்கினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் வராததுமாக மியூரியல் முள்ளுக்கரண்டியை ஓங்கிக் குத்தினாள். கரண்டிதான் வளைந்தது.

கையில் வளைந்த கரண்டியோடு நீலப்பூப் பீங்கான்களை எடுத்து மேசையில் பரப்பினாள். “ஜெரிசன், இருங்கோ தம்பி. உங்களுக்கும் பீங்கான் வைச்சிருக்கிறன்” என்றாள். அவன் அன்றைக்குச் சொன்ன அதே குரலில், “பசியில்லை மாமி” என்றுவிட்டு வாசலில் நின்ற வான் வண்டிக்குப் போனான். வரும்போதே சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மியூரியல் மகளைப் பிடித்துக்கொண்டாள். “இனி என்ன பிள்ளை? அப்பாவும் போய்ச் சேர்ந்திட்டார். அவர்ரை பிடிவாதத்தாலைதானே இவ்வளவும்…”

“அப்பாவோ?” நிஷானி குரலை உயர்த்தவில்லை. “அப்பா அண்டைக்கு வாயே திறக்கேல்லை அம்மா. எங்கடை வளவிலை வாழை எந்தப் பக்கம் நிக்குதெண்டே அந்த மனுசனுக்குத் தெரியாது. கத்தியை எடுத்துக்கொண்டு போனது நீங்கள்.”

இவ்வளவு காலமும் மியூரியல் வேறு ஆளின் மனம் இளகட்டும் என்று காத்திருந்தது மகளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அந்த நேரம் கிறிஸ்ரினா குசினிக்குள் வந்து, “அம்மம்மா, உதிலை எனக்கொண்டு தாங்கோ” என்றாள். பிள்ளையின் வாயில் இளகாமல் போகுமா என்று மியூரியல் நினைத்தாள். நீலப்பூப் பீங்கானில் ஒரு துண்டு எடுத்து வைத்து, ஊதி ஆற்றிக் கொடுத்தாள். கிறிஸ்ரினா ஒரு பக்கப் பல்லால் கடித்தாள், மறுபக்கப் பல்லால் கடித்தாள். நல்ல வளர்ப்பு, துப்பவில்லை. துண்டைப் பீங்கானில் திரும்ப வைத்து, “இன்னும் அவியேல்லை அம்மம்மா” என்று சொல்லிவிட்டு வானுக்கு ஓடினாள்.

மியூரியல் இப்போது தனியேதான் இருக்கிறாள். மத்தியானத்தில் மேசையில் மகளுக்கும் பேத்திக்கும் மருமகனுக்கும் நீலப்பூப் பீங்கான் வைத்து, தனக்கு ஒரு இலை போட்டுச் சாப்பிடுகிறாள். சாப்பிட்டு முடிய இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் அப்படியே எடுத்து எறிகிறாள். ஊர் இதையெல்லாம் பழகிவிட்டது. நத்தாருக்குப் பின்வேலியால் சட்டி நீட்டுபவர்கள் இப்போது இல்லை, அவ்வளவுதான். பஸ் வந்து நிற்கும்போது கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, “பண்டி அவியிற வீடு, இறங்கு, இறங்கு!” என்று கத்துவான். மியூரியல் யன்னலடிக்கு வந்து இறங்குவது யாரென்று பார்ப்பாள். பஸ் போன பிறகு குசினிக்குத் திரும்பி, தேவையில்லை என்று தெரிந்தும், அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளிவிடுவாள்.