செல்லையாவின் நிரை

குன்னூருக்கு மேலே, மேல்பாறை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பில், இரண்டாம் லைனில், பதினோராம் நம்பர் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் 2001 ஆகஸ்டிலிருந்து மின்சாரம் இல்லாமல் ஓடுகிறது. தொடங்கிய தேதி பதினாறா பதினேழா என்பதில் மட்டும் லைனில் இரண்டு கருத்து உண்டு. பச்சைத் தேயிலை விலை பாதிக்கும் கீழே விழுந்த காலம் அது. ஏலத்துக்குப் போன தூள் மூட்டைகள் கேட்பாரில்லாமல் கிடங்கில் கிடந்தன, ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது.

அந்த வீட்டில் செல்லையாவும் அவர் மகள் சுமலதாவும் இருந்தார்கள். செல்லையா சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வருஷமே ஃபேக்டரியில் தூள் சலிக்கும் அறையில் சேர்ந்தவர். இருபத்தாறு வருஷம் அந்தத் தூளை மூச்சில் இழுத்தார். கடைசி இரண்டு வருஷமாக இருமலில் இடுப்பு மடங்கிப் போனார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் பாலன் ஒவ்வொரு முறையும் சீட்டில் 'சாதாரண சளி' என்றே எழுதினார். தூளால் வந்த நோய் என்று எழுதிவிட்டால் நிர்வாகம் வைத்தியம் பார்க்கவேண்டும்; எழுதக்கூடாது என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். இது பாலனுக்கும் தெரியும், லைனுக்கும் தெரியும். ஆத்திரப்படாதவர் செல்லையா ஒருவர்தான். "விடு புள்ள, அவன் என்னா செய்வான்," என்பார்.

சுமலதா பகலில் கொழுந்து எடுத்தாள், சாயங்காலம் குன்னூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, நுரையீரல் எப்படித் தழும்பேறி இறுகுகிறது என்ற பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்க விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். வகுப்பில் மற்றவர்களுக்கு அது விளங்க ஒரு வாரம் ஆனது. அவளுக்கு உடனே விளங்கியது. அது நிரைதான். தேயிலைக் காட்டில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். அவரவர் வரிசைச் செடியை அவரவர் எடுத்து முடிக்கவேண்டும், மொத்த மலையையும் ஒருத்தி எடுப்பதில்லை. அப்பாவின் பெயரில் ஒரு நிரை வாங்குவது என்று தீர்மானித்தாள். 'அப்பாவுக்கு இதனால் குணமாகாது,' என்று நோட்டில் எழுதினாள். 'ஆனாலும் இது சளி இல்லை என்று ஒரு இடத்திலாவது அவர் பெயர் போட்டு எழுதியிருக்கட்டும்.'

மூன்று மாதம் திட்டம் போட்டாள். கணக்குப் போடும் பெட்டிக்குப் பாட்டு வேண்டாம், படம் வேண்டாம் என்று சவுண்ட் கார்டையும் சிடி டிரைவையும் பட்டியலிலிருந்து அடித்தாள். மிச்சப் பணத்தை நல்ல பிராசஸருக்கு ஒதுக்கினாள். கலர் மானிட்டரை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் கறுப்பு வெள்ளைக்கு வந்தாள். மூடுபனியின் ஈரம் மதர்போர்டில் இறங்காமலிருக்க இரண்டாவது ஃபேன், எலிக்குக் கம்பி வலை, தேயிலைத் தூசிக்கு மல்லுத் துணி உறை. பக்கத்து வீட்டுப் பேச்சி எட்டிப் பார்த்து, "பொட்டிக்கே ஜாக்கெட் தைக்கிறயா? கை வெக்கிறயா, இல்ல சிலீவ்லெஸ்ஸா?" என்றாள். லைனில் டெலிபோன் இல்லாததால் கணக்கைக் குன்னூர் பிரவுசிங் சென்டரில் ஃப்ளாப்பியில் இறக்கி எடுத்துவருவது என்று முடிவாயிற்று. நிரையை முடிக்க இருபத்தெட்டு நாள் கெடு. தவறினால் வேறு யாருக்காவது போய்விடும். திட்டத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. 'கரண்ட்' என்று எழுதி, எதிரே கேள்விக்குறி போட்டிருந்தாள்.

பெட்டியின் பாகங்களைப் பூட்டி முடித்து, முதல் நிரையை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து ஏற்றிய வாரமே நிர்வாகம் செலவைக் குறைப்பதாகச் சொல்லி லைன்களுக்குக் கரண்டை வெட்டியது. சுமலதா செருகப்படாத பிளக்கைக் கையில் பிடித்தபடி பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் சுற்றத் தொடங்கியது. சற்று நேரத்தில் மானிட்டரில் எழுத்து வந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் சோதித்ததில் விவரம் தெரிந்தது. பெட்டி கோபத்தில் ஓடியது. சுமலதாவின் கோபத்துக்கு நாளைக்கு ஒரு சதவீதம் நகர்ந்தது, அது போதாது. பேச்சியின் கோபம் குபீரென்று ஏறி ஸ்கிரீனை நடுங்கவைத்தது, அவளுக்கென்று ஸ்டெபிலைசர் தேவைப்பட்டது. காத்தாயி என்ற விதவையின் கோபம் பழையது, ஏற்ற இறக்கமில்லாமல் மூன்று மணி நேரம் நின்றது. காட்டில் ஒருத்திக்கு முடியாமல் போனால் பக்கத்து நிரைக்காரிகள் அவள் நிரையையும் சேர்த்து எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதே வழக்கப்படி பெண்கள் கூடையை இறக்கியதும் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள்.

"நேத்து எம் முறையில நாலு பர்சென்ட்," என்றாள் பேச்சி.

"ஒனக்கென்னா, ஊட்டுக்காரன் இருக்கான். தெனம் புதுசா ஏத்திவிடுவான்," என்றாள் காத்தாயி.

இருபத்தாறாம் நாள் எண்பத்தோரு சதவீதம் முடிந்திருந்தது. அன்று காலையில் நிர்வாகத்தின் ஆள் வந்தான். தீபாவளிக்குள் ஃபேக்டரி முழு வாரமும் ஓடும், கரண்ட் திரும்பி வரும், டவுனிலிருந்து டாக்டர் வந்து எல்லோரையும் பார்ப்பார் என்று சொல்லி, வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்தான். ஜனங்கள் நம்பினார்கள். சிரித்தார்கள். மத்தியானம் ஃபேன் நின்றது. பேச்சி உட்கார்ந்து பார்த்தாள், காத்தாயி உட்கார்ந்து பார்த்தாள். ஸ்கிரீன் இருட்டாகவே இருந்தது. காத்தாயி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுமலதா கத்தினாள், அதற்கு அரை சதவீதம் நகர்ந்தது.

மறுநாள் டவுன் டாக்டர் வந்தார். செல்லையாவின் நெஞ்சில் குழாயை வைக்காமலே பாலனின் பழைய சீட்டைப் பார்த்து அதையே எழுதினார். செல்லையா சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வழியில் மூன்று இடத்தில் நின்று வீடு வந்தார். மணி பதினொன்று.

"தள்ளு புள்ள. என் நிரைய நான் முடிச்சிக்கிறேன்."

"ஒங்களுக்கு ஏலாதுப்பா. நெஞ்சு தாங்காது."

"தள்ளுன்னு சொல்றேன்."

அவர் பெட்டிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. ஃபேன் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. இருபத்தாறு வருஷக் கோபம் கொஞ்சமும் செலவாகாமல் இருந்திருக்கிறது. கப்பலில் ஏற்றிய நாளின் கோபம்கூட அதில் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. கூரைத் தகரத்தில் ஒட்டியிருந்த ஈரம் ஆவியாகிப் போனது. மூடுபனி அந்த வாசலை மட்டும் விட்டு விலகி நின்றது. மூன்றே முக்காலுக்கு நிரை முடிந்தது. நாலரை பஸ்ஸில் சுமலதா ஃப்ளாப்பியுடன் குன்னூர் போனாள். மறுநாள் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் 'செல்லையா, தூள் சலிக்கும் அறை, நுரையீரல் கணக்கு, முடிந்தது' என்று ஆங்கிலத்தில் வந்தது. அதை பிரிண்ட் எடுத்து டிஸ்பென்சரிக் கதவில் ஒட்டினாள். பாலன் இரண்டு முறை படித்தார். "நான் என்னங்க பண்றது," என்றார். ஆனால் கிழிக்கவில்லை. கிழித்தது நிர்வாகம். அவள் பத்து பிரதி எடுத்திருந்தாள்.

தீபாவளி போனது. ஃபேக்டரி முழு வாரமும் ஓடவில்லை, கரண்ட் வரவில்லை. செல்லையா அடுத்த ஆடி மாதம் இறந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, பிறகும் நிற்கவில்லை. இப்போது அதன் முன்னால் யாரும் உட்காரவேண்டியதில்லை. இதுவரை அவர் பெயரில் நாற்பத்திரண்டு நிரை முடிந்திருக்கிறது.

மலைக்குளிரில் இட்லி மாவு பொங்க இரண்டு நாள் ஆகும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் எட்டு மணி நேரம் போதும். சனிக்கிழமைகளில் லைன் முழுவதும் பாத்திரங்களைக் கொண்டுவந்து வைக்கிறது. பாத்திரம் மாறிப்போகாமலிருக்க சுமலதா மூடிகளில் வீட்டு நம்பர் எழுதி வைத்திருக்கிறாள்.