பெண்கள் பக்கம்

குடவாசல் தியேட்டரை மூடப்போகிறார்கள், கல்யாண மண்டபம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஒரே ஆசைதான். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அங்கே ஒரு படம் பார்த்துவிட வேண்டும்.

சிரிக்காதீர்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அங்கே நடுவில் இடுப்பளவுச் சுவர் இருந்தது. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். புருஷன் பெண்டாட்டியானாலும் அப்படித்தான். இடைவேளையில் அவர் முறுக்கு வாங்கி, அதை விற்கிறவரிடமே எனக்குக் கொடுத்தனுப்புவார். நான் சுவருக்கு மேலே எட்டி எட்டிப் பார்ப்பேன். அப்புறம் அவர் குவைத் போய்விட்டார். லீவில் வந்தாலும் நடவு, அறுப்பு, கல்யாணம், கருமாதி. சுவரை இடித்தபோதும் அவர் ஊரில் இல்லை. போன மாதம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார்.

"படத்துக்குப் போவமாங்க?" என்றேன்.

"போவமே" என்றார்.

பக்கத்தில் உட்கார வேண்டும் என்று வாய்விட்டா கேட்பார்கள்?

என்னை உள்ளே அனுப்பிவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். பக்கத்துச் சீட்டில் கைப்பையை வைத்துக் காத்திருந்தேன். விளக்கு அணைந்தது, படம் ஓடியது, ஆளைக் காணோம். இடைவேளையில் கேன்டீன்காரர் ஒரு முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார்.

"அண்ணன் குடுக்கச் சொன்னாங்கக்கா."

திரும்பிப் பார்த்தேன். முன்பு ஆண்கள் பக்கமாக இருந்த இடத்தில் உட்கார்ந்து எனக்குக் கையாட்டுகிறார் மகராசன்! சுவர் இல்லாதது கண்ணுக்குத் தெரியவில்லையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானா போய்க் கூப்பிடுவேன்? வீம்பாக உட்கார்ந்துவிட்டேன். முறுக்கைத் தொடவே இல்லை.

ஆனால் கண் திரையில் நிற்க வேண்டுமே! அந்தப் பக்கமே போகிறது. வெளிச்சம் மாறும்போதெல்லாம் அவர் நரைத்த தலை தெரிந்தது. இவரை இப்படி எட்டிப் பார்த்தே என் காலம் போய்விட்டதே! எழுந்து போனேன்.

"என்ன தங்கமணி, உடம்புக்கு முடியலையா?" என்று பதறினார்.

"நல்லாத்தான் இருக்கேன். தள்ளி உக்காருங்க."

"இங்கயா? யாராச்சும் பாத்தா?"

"பாக்கட்டும்."

தள்ளிக்கொண்டார். உட்கார்ந்தேன். அவர் தோள் என் தோளில் பட்டது. திரையில் என்னவோ எல்லோரும் ஒன்றுசேர்ந்து சிரித்தார்கள். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கூட்டம் கலைந்தது. நாங்கள் இருவரும் அசையவில்லை. பெருக்க வந்தவர் எங்கள் வரிசையில் வந்து நின்றார்.

"படம் முடிஞ்சிருச்சும்மா. எந்திரிங்க."

"சித்த இருங்க தம்பி" என்றேன். "இப்பத்தானே உக்காந்திருக்கேன்."