கோணல் கடை மூடிய மாதம்

கோணல் கடையை மூடப்போவதாக வெரோனிகா அறிவித்த மறுநாள் காலை, அடையாறு காந்தி நகரில் ஒரு மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் சட்டை, கிளிப்பைத் தானே கழற்றிக்கொண்டு படியிறங்கி, பாலத்தைக் கடந்து, சாந்தோமில் இருக்கும் கடைக்கு நடந்து வந்து சேர்ந்தது. சட்டைக்குள் ஆள் இல்லை. ஆள் இருந்தால் எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்தில் வந்தது. பாலத்தில் நெரிசல் என்பதால் ஓரமாக நடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வெரோனிகா ஷட்டரைத் தூக்கியபோது அது வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவள் அதை உள்ளே விட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைப் போட்டாள்.

கான்வென்ட் பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, அப்பா வீட்டு முன்னறையில் வெரோனிகா ஆரம்பித்த கடை அது. அவள் தைத்த எதுவும் நேராக இருக்காது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பாக்கெட் முதுகில் இருக்கும். துணியில் பூவுக்குப் பதில் நெத்திலி மீனும் மின்சார மீட்டரும் பாதி நறுக்கிய கத்தரிக்காயும் அச்சாகியிருக்கும். முதலில் சிரித்தார்கள். பிறகு பாண்டி பஜாரில் எதுவும் பொருந்தாதவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒரு தோள் இறங்கியவர்கள், அறுவை சிகிச்சை ஆனவர்கள், எந்த அளவிலும் அடங்காதவர்கள். உடம்பு கொஞ்சம் கோணலாக இருந்தவர்களுக்கு அந்தச் சட்டைகள் மிக நேராக உட்கார்ந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்தார்கள், வேலைக்குப் போனார்கள், வேலையை விட்டார்கள். கழுத்துப் பட்டியில் ஒரு வரி தைத்திருக்கும்: கிழிந்தால் கொண்டு வாருங்கள், உயிருள்ளவரை தைத்துத் தருவோம். யாருடைய உயிர் என்று போட்டிருக்காது. ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்து தைத்தவள் அன்புச்செல்வி. அப்போது ஆற்றோரம் குடியிருந்தாள். அங்கிருந்த வீடுகளை இடித்த பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

கடையில் நஷ்டம் ஒன்றும் இல்லை. வெரோனிகாவுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். ஒருநாள் துணியை மேஜையில் விரித்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு சட்டைக் கையை யோசித்துப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அதற்காக வருத்தமும் வரவில்லை என்பதைக் கண்டபோதுதான் மூடிவிடலாம் என்று முடிவு செய்தாள். அறிவிப்பைப் போனில் போட்டதும் வாடிக்கையாளர்கள் விடைபெற வந்தார்கள். நங்கநல்லூரிலிருந்து வந்த சந்திரிகா, இனி நான் எதைப் போடுவேன் என்று கேட்டு, வெரோனிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெரோனிகா அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து அனுப்பினாள். அடுத்து வந்தவளுக்கும் தண்ணீர் கொடுத்தாள். தன் கடைக்காக மற்றவர்கள் அழுது முடிப்பதற்குள் அவளுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

மஞ்சள் சட்டை வந்த அன்று அன்புச்செல்வி பையைக்கூட இறக்காமல் அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“இன்னாக்கா இது, ஆள் இல்லாம சட்டை மட்டும் வந்து குந்திகினு கீது?”

“நம்மளதுதான் அன்பு. ஏன் வந்திருக்குன்னு தெரியலை.”

சட்டை வலது கையைத் தூக்கிக் காட்டியது. அக்குளில் தையல் விட்டிருந்தது. அன்புச்செல்வி அதை மெஷினில் போட்டு இரண்டு ஓட்டு ஓட்டிக் கொடுத்தாள். சட்டை எழுந்து, வாசலில் கொஞ்சம் தயங்கி நின்று, வந்த வழியே போய்விட்டது.

மதியத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. வேளச்சேரியிலிருந்து பாவாடைகள் பறக்கும் ரயிலில் வந்து மயிலாப்பூரில் இறங்கின. கே.கே. நகரிலிருந்து வந்த குர்தாக்கள் சாலையைக் கடக்க, தி.நகரில் ஒரு போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். கொக்கி போனவை, முழங்கை நைந்தவை, இடுப்பு பிரிக்க வேண்டியவை என்று எல்லாம் மாதாகோவில் சுவரையொட்டி வரிசையில் நின்றன. மழை வந்தபோது எதிர்வீட்டுக்காரர்கள் அவற்றைத் தங்கள் போர்ட்டிகோவில் ஒதுங்கச் சொன்னார்கள். கடையை மூட நினைத்தவளுக்கு, அது திறந்திருந்த காலத்தில் இல்லாத வேலை வந்து சேர்ந்தது. வெரோனிகா காஜா எடுத்தாள், பித்தான் தைத்தாள். விரல் நுனி மரத்துப்போனது. விட்டுத் தொலைகிறேன் என்று சொன்னதற்கே இவ்வளவு வேலையா என்று ஒரு பாவாடையிடம் கேட்டாள். அது பேசாமல் நாடாவை நீட்டியது.

ஒரு பிற்பகல், டீ குடித்துக்கொண்டிருந்தபோது அன்புச்செல்வி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“அக்கா, ஒன்னு சொல்லட்டா? கோச்சிக்காத. நீ மூடறேன்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் சோழிங்கநல்லூர்ல யூனிஃபார்ம் தைக்கிற எடத்துல வேலை கேட்டு வச்சிகீறேன். ரெண்டு பஸ் மாறி வர முடியலக்கா. இடுப்பு உட்டுப்போச்சு.”

“எப்போலேர்ந்து?”

“சித்திரை பொறந்ததுலேர்ந்து. உன் மூஞ்சப் பாத்தா சொல்ல வாய் வரல.”

வெரோனிகா டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் ஈஸ்டர்லேர்ந்து முழிச்சிட்டிருக்கேன் அன்பு. மூடினா நீ எங்க போவேன்னுதான் இத்தனை மாசம் இழுத்தேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அன்புச்செல்விதான் முதலில் சிரித்தாள். வரிசையில் நின்ற சட்டைகள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தன. அன்று வெரோனிகா சீக்கிரமே மெஷினை மூடி, அன்புச்செல்வியோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். அத்தனை வருடத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

மாதக் கடைசியில் வரிசை தீர்ந்தது. எல்லாம் போன பிறகு, நீல நிறத்தில் நெத்திலி மீன் போட்ட ஒரு நீள கவுன் மட்டும் நாற்காலியில் இருந்தது. எங்கும் கிழிசல் இல்லை. போகவும் இல்லை. அதைத் தேடிக்கொண்டு மாம்பலத்திலிருந்து ஸ்ரீநாத் என்பவன் வந்தான். நாற்பது வயதிருக்கும். ஷேவ் செய்து பல நாள் ஆகியிருந்தது.

“இது ஹம்சினியோடது மேடம். என் ஒய்ஃப். போன ஆடியில போயிட்டா. பீரோவுலதான் வச்சிண்டிருந்தேன். கதவைத் தெறந்துண்டு வந்துடுத்து. குடுத்துடுங்கோ, நான் எடுத்துண்டு போயிடறேன்.”

“நான் பிடிச்சு வைக்கலைங்க. அதுதான் போகமாட்டேங்குது.”

அவன் கவுனின் கையைப் பிடித்து மெல்ல இழுத்தான். அது வாசற்படிவரை வந்து நின்றுகொண்டது. அவன் கையை விட்டுவிட்டு, செருப்பு வைக்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். வெரோனிகா வழக்கம்போலத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். என்னவோ தோன்றி, தண்ணீரை விட்டுவிட்டு கவுனின் இடுப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். குறுக்கே ஒரு கோட்டில் நூல் நைந்து இற்றுக்கொண்டிருந்தது. ஒரே மடிப்பில் மாதக்கணக்காகக் கிடந்ததால் வந்தது.

“வெளியில எடுக்கவே இல்லையா?”

“மடிப்புப் பிரிச்சா அவ வாசனை போயிடும்னு பயம் மேடம்.”

வெரோனிகா அதே நீலத்தில் நூல் தேடி எடுத்து, மெஷினில் போடாமல் கையாலேயே அந்தக் கோடு முழுவதையும் இழையோட்டினாள். வெயில் இறங்கும்வரை அது பிடித்தது. தைக்கத் தைக்க அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்த மாதத்தில் அவள் அழுதது அப்போதுதான். நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அன்புச்செல்வி ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இதை மடிச்சு வைக்காதீங்க,” என்றாள் வெரோனிகா, நூலைப் பல்லால் கடித்து. “அவங்க எங்க போவாங்களோ அங்க கூட்டிட்டுப் போங்க.”

ஸ்ரீநாத் யோசித்தான். “பெசன்ட் நகர் பீச் போவா. நான் கார்லயே உக்காந்துண்டு போனைப் பாத்துண்டிருப்பேன்.”

“காரை எடுக்காதீங்க அப்போ,” என்றாள் வெரோனிகா, அன்புச்செல்வியைப் பார்த்தபடி. அன்புச்செல்வி எழுந்து கவுனின் ஓரத்தை உதறிச் சரிசெய்துவிட்டாள்.

கவுன் இந்த முறை படியில் நிற்கவில்லை. ஸ்ரீநாத்தும் கவுனும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, வெரோனிகா ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். போர்டை மறுநாள் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அவளுக்குத் தூக்கம் வந்தது. பெசன்ட் நகர் பஸ்ஸில் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. கவுன் ஜன்னலோரம் உட்கார்ந்தது. ஸ்ரீநாத் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்டக்டர் அவனுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கவுனுக்கு மகளிர் இலவச டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த சீட்டுக்குப் போனார்.