கேக்குதா சார்?

எங்கள் வீட்டு நெட் ஒரு வாரமாக நொண்டியடித்துக்கொண்டிருந்தது. லைன்காரரைக் கூப்பிட்டேன். வந்தார், மொட்டைமாடிக்கு ஏறினார், இறங்கினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"லைன் பக்காவா இருக்கு மேடம். உங்க வீட்டுக்குள்ளதான் யாரோ உக்காந்து மொத்தத்தையும் தின்னுக்கிட்டிருக்காங்க."

யாரிடம் சொல்கிறார் பாருங்கள். பதினாறு வருஷமாக ஒரு பெரிய அலுவலகத்தின் நெட்வொர்க் பிரிவில் குப்பை கொட்டுகிறவள் நான். எந்தக் கணினி எந்த நேரத்தில் எங்கே போய் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே. அங்கே எனக்கு 'மோப்பம்' என்று பட்டப்பெயர். நான் இல்லாதபோது மோப்பம், இருக்கும்போது மேடம்.

எனக்கு மதிய ஷிப்ட். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். காலை நேரத்தில் வீட்டில் நானும் என் கணவரும்தான். அவர் ஒன்பது மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் சாயங்காலம் ஆறு வரை ஆபீஸ். கட்டட வரைபடம் போடுகிற கம்பெனி, இரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவார்.

சாப்பாட்டு மேஜையில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு முப்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதினேன். அது செய்வது சின்னக் காரியம், கொஞ்சம் அயோக்கியத்தனமும்கூட. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிடமும் போய் 'நான்தான் ரவுட்டர்' என்று சொல்லும். ரவுட்டரிடம் போய் 'நான்தான் அந்தக் கருவி' என்று சொல்லும். இரண்டு பக்கமும் நம்பிவிடும். அதற்குப் பிறகு எல்லாப் போக்குவரத்தும் என் லேப்டாப்புக்குள் நுழைந்துதான் வெளியே போகும். என்ன பேசுகிறார்கள் என்பது பூட்டிக் கிடக்கும். யார், எங்கே, எவ்வளவு என்பது மட்டும் தெரியும். நிறுத்தும்போது சும்மா நிறுத்தக் கூடாது. அதற்கான கட்டளையைக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் எல்லோரிடமும் மறுபடி போய் உண்மையைச் சொல்லிவிட்டு விலகும். சொல்லாமல் நடுவில் நின்றுபோனால், அத்தனை கருவிகளும் இல்லாத ஆளிடம் பேசிக்கொண்டு நிற்கும், வீட்டில் நெட் செத்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைத் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன்.

குற்றவாளி அரை மணி நேரத்தில் அகப்பட்டது. டிவி. யாரும் பார்க்காத நேரத்தில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, முடியாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

பட்டியலில் டிவிக்குக் கீழே அவருடைய கணினி இருந்தது. அதன் வரியில் பூஜ்ஜியம்.

உள்ளே அவர் மீட்டிங்கில் இருந்தார். "இல்ல சார், மூணாவது மாடி பிளான்தான் மாத்தணும். ஆமா சார். சாயங்காலத்துக்குள்ள ஃபைல அனுப்பிடறேன்." குரல் கணீரென்று கேட்டது. என் திரையில் பூஜ்ஜியம் அசையவே இல்லை. வீடியோ மீட்டிங் என்றால் எண்கள் கண்மண் தெரியாமல் ஓட வேண்டும். ஸ்கிரிப்டில்தான் கோளாறு என்று நினைத்தேன், நினைக்க ஆசைப்பட்டேன். என் போனில் ஒரு படத்தைத் திறந்தேன், போனின் வரி துள்ளியது. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். அவர் உள்ளே யாருடைய ஜோக்குக்கோ சிரித்தார். பூஜ்ஜியம்.

ரவுட்டரின் பழைய பதிவைத் தோண்டினேன். அவர் கணினி கடைசியாக ஆபீசுக்குப் போய் வந்தது நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த எல்லா மின்விசிறிகளையும் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தார். மனுஷன் நல்ல மூடில் இருக்கிறார் என்று நினைத்து நான் கிண்டல்கூடச் செய்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்ல முடியாத ரகசியமா இது? கதவைத் தட்டப் போனேன். கைப்பிடியில் கை வைத்தபோது உள்ளே அவர் "உங்க கோஆபரேஷனுக்கு ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார், அவ்வளவு மரியாதையாக. கை தானாக இறங்கிவிட்டது. அந்த நாடகம் எனக்காகத்தான் நடக்கிறது, சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்திதான் பார்வையாளர் என்று அப்போதுதான் உறைத்தது.

கேட்டிருக்கலாம். கேட்டால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். புருஷன் கணினியை மோப்பம் பிடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது? இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். பதிலாகத் தினமும் காலையில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். கவலை என்று பெயர் வைத்துக்கொண்டேன், உண்மையில் அது வேவு. ஒன்பதே காலுக்கு வேலை தேடும் தளங்கள் நாலைந்து. பத்து மணிக்கு வானிலைப் பக்கம். வாசல்படி தாண்டாத மனுஷனுக்கு வானிலை எதற்கு? பிறகு பூஜ்ஜியம், பிறகு மீட்டிங்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காப்பியைக் குடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பதினோரு மணிக்கு மிக்சி போடாத. முக்கியமான மீட்டிங்."

இத்தனை மாத மீட்டிங்குகளில் மிக்சிக்கு ஒரு நாளும் தடை வந்ததில்லை. சட்டையைத் தானே இஸ்திரி போட்டார், காலருக்கு மட்டும் இரண்டு தடவை.

"நெட் ஒழுங்கா வருதுல்ல?" என்றார்.

"இப்ப நல்லா வருது. நீங்க பயப்படாம பேசுங்க."

"பயமா? எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பதினோரு மணிக்கு அவருடைய வரி உயிர் பெற்றது. எண்கள் இரண்டு பக்கமும் குபுகுபுவென்று ஓடின. போகிற இடத்தின் முகவரியில் ஒரு கட்டுமான கம்பெனியின் பெயரும், ஆள் எடுக்கும் பிரிவின் பெயரும் இருந்தன. உள்ளேயிருந்து குரல் வந்தது. கணீரென்ற குரல் இல்லை, கொஞ்சம் கம்மிய குரல்.

"கேக்குதா சார்? ஹலோ... இப்ப கேக்குதா?"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எவ்வளவு நாளாகிறது! உண்மையான அழைப்பில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். பொய் மீட்டிங்கில் அதற்குத் தேவையே இல்லை, எதிரில் ஆள் இருந்தால்தானே கேட்பதும் கேட்காததும். அவர் திக்கினார், சொன்னதைத் திருப்பிச் சொன்னார், "ஒரு நிமிஷம் சார், யோசிச்சு சொல்றேன்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கூடவே வெட்கமும் வந்தது. ஒரு மனுஷன் ஐம்பது வயதில் யாரோ முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார், நான் அவர் அனுப்புவதை எண்ணிக்கொண்டிருக்கிறேன். போதும், இனிமேல் இந்த ஈன வேலை வேண்டாம் என்று தோன்றியது. லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

மனசு லேசாக இருந்தது. சத்தம் வராமல் ஒவ்வொரு பாத்திரமாகக் கழுவினேன். வேலை கிடைத்துவிட்டால் அவரே சொல்லிவிடுவார், சண்டை போடுகிற மாதிரி கொஞ்சம் போட்டுவிட்டு விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கதவு திறந்தது. அவர் ஹாலுக்கு ஓடி வந்து ரவுட்டர் முன்னால் மண்டியிட்டார். மேலே இஸ்திரி சட்டை, கீழே கைலி.

"என்னாச்சுங்க?"

"நெட் போச்சு. அஞ்சு நிமிஷமா படம் அப்படியே நிக்குது. ஃபோன்லயும் வரல." போனில் நெட் பேக்கை அவர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். வீட்டில்தானே இருக்கிறேன், எதற்கு என்றார்.

அப்போதுதான் என் ஈரக்கையைப் பார்த்தேன். பிறகு மேஜையில் மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தேன். மூடினால் அது தூங்கிவிடும். ஸ்கிரிப்ட் நடுவில் நின்றுபோயிருந்தது, யாரிடமும் உண்மையைச் சொல்லாமல். ஐந்து நிமிஷமாக அவர் பேசியதெல்லாம் இந்தத் தூங்கும் பெட்டிக்கு வந்து செத்துக்கொண்டிருந்தது.

அவர் ரவுட்டர் பிளக்கில் கை வைத்தார்.

"தொடாதீங்க! பத்தே செகண்டு, வந்துரும்." அலறிவிட்டேன். ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்து, தப்புத்தப்பாகக் கடவுச்சொல் அடித்து, கட்டளையைக் கொடுத்தேன். ரவுட்டரின் விளக்கு படபடவென்று சிமிட்டியது.

அவர் மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தார். பிறகு என் லேப்டாப்பைப் பார்த்தார்.

"பத்து செகண்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. கைலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார், கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவருகே போய் நின்றேன். மறுபடி இணைந்திருப்பார், லைன் போவது உலகத்தில் எல்லோருக்கும் நடப்பதுதானே, காத்திருப்பார்கள், நல்ல மனுஷர்களாக இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு குரல் வந்தது, கணீரென்று.

"சாரி சார், லைன்ல சின்னப் பிரச்சினை. ஆமா சார். ரொம்ப சந்தோஷம் சார். சாயங்காலத்துக்குள்ள ஃபைல அனுப்பிடறேன்."

கேக்குதா என்று அவர் கேட்கவே இல்லை.

எனக்கு எந்த ஸ்கிரிப்டும் தேவைப்படவில்லை. கைப்பிடியைத் திருகி உள்ளே போனேன். நான்தான் கெடுத்தேன், எல்லாம் தெரியும் என்று சொல்லிவிடத்தான் போனேன். அவர் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். திரையில் 'அழைப்பு முடிந்தது' என்று இருந்தது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. என்னைப் பார்த்ததும் உள்ளங்கையைக் காட்டி, ரெண்டு நிமிஷம் என்று சைகை செய்தார்.

நான் நின்றேன். அவர் இரண்டு நிமிஷமும் பேசினார். மூன்றாவது மாடியைப் பற்றிப் பேசினார், மாடிப்படியின் அகலத்தைப் பற்றிப் பேசினார், நன்றி சொன்னார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்னம்மா?" என்றார்.

"சாப்பிட வாங்க" என்றேன்.

மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. இந்த நேரத்தில் என்ன சாப்பாடு என்று அவர் கேட்கவில்லை. எழுந்து வந்து உட்கார்ந்தார். மேஜையில் இருந்த லேப்டாப்பை ஓரமாக நகர்த்திவிட்டு, தட்டு வைக்க இடம் செய்தார்.