தங்க மூடி டப்பா

ஆய்வுக்கூடத் தலைவருக்கு மஞ்சள் நிறம் பிடிக்காது. அவருடைய குழு வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த களிம்போ பளிச்சென்ற மஞ்சள். மருந்தின் இயல்பே அது. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் நிற்கும் அளவுக்கு அதை நானோ நுண்துகளாக்கி, சொரியாசிஸ் வந்து தடித்த தோலுக்குள்ளும் இறங்க வைத்திருந்தார்கள். முதல் சோதனையில் நோயாளிகளிடம் நல்ல பெயரும் வாங்கியாயிற்று. துகள்தான் சின்னதாயிற்றே தவிர, நிறம் போகவில்லை.

"போட்டோ எடுக்க வராங்க. இது அடுப்படியில கிண்டின மாதிரி இருக்கு. வெள்ளையா ஏதாவது வைம்மா" என்றார், களிம்பு தயாரிக்கும் வேதியியல் பெண்ணிடம்.

"வெள்ளையா இருக்கறது மருந்தே கலக்காத வெறும் பசைதான் சார்."

"போட்டோவுக்கு மருந்தா தெரிஞ்சா போதும். மருந்தா இருக்கணும்னு இல்ல."

அப்படித்தான் அவர் அறையின் கண்ணாடி அலமாரியில், தங்க மூடி போட்ட டப்பாக்கள் விளக்கு வெளிச்சத்தில் கொலுவீற்றிருந்தன. அவற்றின் முன்னால் நின்று தலைவர் பேட்டி கொடுத்தார். பேட்டிக்குப் பேட்டி 'மனிதகுலம்' வந்து போனது. சொல்லச் சொல்ல, டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பது அவருக்கே மறந்துபோயிற்று. தன் பேச்சைத் தானே நம்பிவிடும் பாக்கியம் எல்லோருக்குமா வாய்க்கும்?

அவருடைய அக்காவுக்கு இரண்டு கைகளிலும் அதே நோய். மழலையர் பள்ளியில் டீச்சர். தார் கலந்த பழைய களிம்பு ஒன்றைப் பூசி நோயை ஒருவாறு அடக்கி வைத்திருந்தாள். நாற்றம்தான் தொல்லை. பிள்ளைகள் 'ரோடு டீச்சர்' என்று பட்டம் கட்டியிருந்தன. பட்டம் கட்டிய கையோடு, அதே டீச்சரின் விரலைப் பிடித்துக்கொண்டுதான் கை கழுவப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார். மாடி இறங்கி ஆய்வுக்கூடத்தில் ஒரு டப்பா கேட்டிருக்கலாம். ஆனால் தலைவர் போய்க் கேட்பதாவது! சொந்த அலமாரி எதற்கு இருக்கிறது?

"அந்தத் தாரை இன்னையோட தூக்கிப் போடுக்கா. ரெண்டையும் சேர்த்துப் பூசக் கூடாது."

அக்கா தங்க மூடியைத் திறந்து முகர்ந்தாள். "நாத்தமே இல்லையேடா! இனி எந்த வாண்டு என்னை ரோடுன்னு கூப்பிடும், பார்க்கறேன்."

சில வாரங்களில் போன் வந்தது.

"டேய், சிவந்துக்கிட்டே போகுது."

"அப்படித்தான் இருக்கும். உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"வெடிச்சு ரத்தம் வருதுடா."

"பொறுமையா இருக்கா. இது நானோ."

"நானோன்னா வலிக்காதா?"

அடுத்த போனில் அக்காவின் குரல் இறங்கியிருந்தது. பெற்றோர் யாரோ புகார் சொல்லிவிட்டார்களாம். "தொத்திக்காதுன்னு எடுத்துச் சொன்னேன். தலைமை டீச்சர் நல்லாத்தான் கேட்டுக்கிட்டாங்க. கேட்டுட்டு, வகுப்பை விட்டுட்டு ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கச் சொல்லிட்டாங்க."

தலைவருக்குச் சுருக்கென்றது. நேரே மாடி இறங்கினார். "என்னம்மா உங்க களிம்பு, என் அக்காவுக்குக் கேக்கவே இல்லையே?" பேட்டிகளில் அது எப்போதும் 'என் களிம்பு'.

"என்கிட்ட யாரும் வாங்கலையே சார். எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"என் அலமாரியில..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்தது. அந்தப் பெண் மஞ்சள் களிம்பு டப்பா ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அதற்குச் சாதாரண மூடிதான்.

அன்று மாலை அக்கா கதவைத் திறந்ததுமே தார் வாசனை எதிர்கொண்டது. பழைய களிம்புக்கே திரும்பியிருந்தாள். கை வெடிப்புகள் காயத் தொடங்கியிருந்தன.

"வகுப்பு திரும்பக் கிடைச்சிடுமாக்கா?"

"புது டீச்சரைப் போட்டுட்டாங்கடா. சின்னப் பொண்ணு. நல்லா பாடறா. பிள்ளைங்க ஸ்டோர் ரூம் பக்கம் வர்றதில்ல."

வழியெல்லாம் தலைவர் உண்மையைச் சொல்லிப் பழகிக்கொண்டுதான் வந்திருந்தார். மஞ்சள் டப்பாவை நீட்டி வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "இது... திருத்தின ஃபார்முலாக்கா. இதைப் போட்டுப் பாரேன்."

"வேண்டாம்டா. உன் மருந்துல குத்தமில்ல. ஊருக்கெல்லாம் கேக்கற மருந்து எனக்குக் கேக்கலன்னா, என் தோல்தான் சரியில்ல. அதுக்கு நீ ஏன் முகத்தை இப்படித் தொங்கப் போடறே?"

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்கா வாய்க்கு வந்தபடி திட்டுவாள். திட்டி முடித்த பிறகு ஒருவேளை இதைப் பூசியும் பார்ப்பாள். மனிதகுலத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிய மனிதருக்கு அந்த ஒரு வாக்கியம் தொண்டையைத் தாண்டவில்லை.

அக்கா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"மஞ்சளா இருக்கே? அந்த வெள்ளைதான்டா பார்க்க நல்லா இருந்துச்சு" என்றாள். மூடியை இறுக்கி, டப்பாவை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.