தானாகப் பிடித்துக்கொள்ளும் டிப்ஸ்

காலை ஐந்து ஐம்பதுக்கு அவள் படுக்கை விரிப்பை உதறினாள்.

கப்பலில் ஏறிய மறுநாளிலிருந்து இப்படித்தான். கணவர் குளித்துவிட்டு வருவதற்குள் கட்டில் சவரம் செய்த முகம்போல ஆகிவிடும். விரிப்பின் மூலைகள் மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகப்பட்டிருக்கும். குளியலறைக் கண்ணாடியில் ஒரு துளி நிற்காது. குப்பைப் பையின் வாயைக் கட்டிக் கதவருகே வைத்திருப்பாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவள். நாம் படுத்து எழுந்ததை வேறொருவர் கையால் தொடுவதா என்பது அவள் கேள்வி. வெட்கம், வேறொன்றும் இல்லை.

"விடேன். அதுக்குன்னு ஆள் இருக்காரு."

"இருக்கட்டும். அவருக்கும் கொஞ்சம் இடுப்பு நிமிரட்டும்."

ரூம்காரர் காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வருவார். காதோரம் நரைத்த மனிதர். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. அது நீளமாக இருந்ததால் அவர்கள் ரூம்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். கதவைத் தட்டி, உள்ளே எட்டிப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிடுவார். "அம்மா, எனக்கும் ஏதாச்சும் மிச்சம் வைங்க" என்பார். அவள் சிரிப்பாள். ஈரத் துண்டுகளை எடுத்துக்கொண்டு, புதியவற்றை வைத்துவிட்டு, அவர் அடுத்த கதவுக்குப் போவார்.

பயணம் மகள் கொடுத்தது. அப்பா ஓய்வு பெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பணம் கட்டி அனுப்பியிருந்தாள். துணைக்கு மைத்துனன், தன் செலவில். கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வாழ்நாளெல்லாம் கட்டடங்களின் உள்பக்கத்தில் தொங்கியவர். மற்றவர்கள் பளிங்கையும் விளக்கையும் பார்க்கிற இடத்தில் அவர் கம்பியையும் கிரீஸையும் பார்ப்பார். ஆனால் இந்தக் கப்பல் அவரை வாயடைக்க வைத்திருந்தது. முதல் நாள் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். இவ்வளவு தண்ணீரின் மேல் ஒரு தெரு அளவு வீடுகள் சத்தமில்லாமல் நகர்கின்றன. எங்கோ கீழே இதைத் தள்ளுகிற ஒன்று இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். லிஃப்ட் கதவில் கை வைத்து மோட்டாரின் நலம் கேட்பது அவருடைய வழக்கம். இங்கே மிக மெல்லிய ஒரு நடுக்கம் மட்டும் வந்தது. தூங்கும் குழந்தையின் முதுகுபோல.

"மாமா, வாங்க. ஒரு அநியாயத்தைக் காட்டுறேன்" என்று மைத்துனன் அழைத்துப் போனான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சிறிய எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்காமல் தூங்கமாட்டான். அறையின் டிவியில் அவரவர் கணக்கைப் பார்க்கலாம் என்பதைக் கண்டுபிடித்திருந்தான். திரையில் ஒவ்வொரு நாளும், தலைக்கு இவ்வளவு என்று டிப்ஸ் ஏறியிருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை. தானாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

"டிக்கெட் போடும்போது இவ்வளவு இல்ல மாமா. நடுவுல ஏத்திட்டான். ஏத்தினதைச் சொல்லவும் இல்ல. கவுன்டர்ல போய்க் கேட்டா எடுத்துடுவாங்க. கேக்காதவன் ஏமாளி."

"நமக்கென்ன மாப்ள, கொஞ்சம்தானே?"

"உங்களுக்குக் கொஞ்சம். கட்டப்போறது யாரு? உங்க பொண்ணு கார்டு."

அது தைத்தது. மகள் ஏற்கனவே தவணையில்தான் கட்டுகிறாள்.

கவுன்டரில் நீண்ட வரிசை. எல்லோருக்கும் அதே விஷயம்தான் என்று நின்ற சற்று நேரத்தில் தெரிந்தது. முன்னால் நின்றவர், குடுக்கிறது என் இஷ்டம், அதைச் சட்டைப் பையில கை விட்டு எடுத்துக்கிறதுக்குப் பேரு என்ன என்று யாரையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, மெதுவா பேசுங்க, அந்தப் பொண்ணு காதுல விழும் என்றாள். விழட்டும் என்றார். தன் முறை வந்ததும் அவருடைய குரல் பாதியாக இறங்கிவிட்டது. இன்னொரு பெண் தன் கணக்கை வெறுமனே பார்க்க வந்ததாகச் சொல்லி, பார்த்துவிட்டு, எடுக்கச் சொல்லத் துணிவின்றித் திரும்பிப் போனாள். ஆளுக்கு ஆள் ஏதோ ஒரு வெட்கம் இருந்தது. கொடுக்கவும் வெட்கம், மறுக்கவும் வெட்கம்.

கவுன்டர் பெண் அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள். எடுத்துடறேன் சார், ஒரு காரணம் மட்டும் சொல்லுங்க என்றாள். அவர் காரணம் எதையும் யோசித்து வரவில்லை. மைத்துனன் பின்னாலிருந்து முதுகில் விரலால் குத்தினான்.

"எங்க ரூம்ல அவர் ஒரு வேலையும் செய்யறதில்லம்மா" என்றார். உண்மையைத்தானே சொல்கிறோம் என்று அப்போது தோன்றியது.

அவள் விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடின. ஒரு நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் கதவைத் தட்டியது வேறு கை. உயரமான ஒரு பெண், இடுப்பில் வாக்கி டாக்கி. சுத்தம் பார்க்கும் பிரிவுக்கே அவள்தான் மேலாளர். பின்னால் பழத்தட்டுடன் புது ஆள் ஒருவன். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். ஆளை மாத்திட்டோம்" என்றாள். அடுத்த அறையிலிருந்து வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

"என்ன சிரமம்?" என்றாள் மனைவி. "அவர் எங்க?"

புது ஆள் தட்டை மேசையில் வைத்தான். "சலவைக்கு இறக்கிட்டாங்கம்மா. கம்ப்ளெயின்ட் வந்தா கீழதான். இந்தப் பயணத்தோட அவருக்கு ஒப்பந்தம் முடியுது. கம்ப்ளெயின்ட் இருந்தா அடுத்தது குடுக்க மாட்டாங்க."

"குடுக்கலன்னா?"

"வீட்டுக்குத்தான். அதுக்கப்புறம் எந்தக் கப்பல்லயும் கஷ்டம்." கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். தான் இழுத்துச் செருகிய விரிப்பின் மேல், அது கசங்குவதைப் பார்க்காமல்.

"வேலை செய்யலைன்னா சொன்னீங்க?"

"செய்யலதானே. நீதானே செஞ்ச."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். ஜன்னலுக்கு வெளியே கடல் போய்க்கொண்டிருந்தது. பழங்கள் பளபளவென்று, மெழுகு பூசியதுபோல் இருந்தன. கொஞ்சம் கழித்து, "அந்த மனுசன் வாய்விட்டுக் கேட்டாரு. மிச்சம் வைங்கன்னு. நான் சிரிச்சேன்" என்றாள்.

அவர் கவுன்டருக்கு ஓடினார். வேறொரு பெண் இருந்தாள். டிப்ஸைத் திரும்பப் போட்டுவிடலாம் சார், அது சுலபம் என்று போட்டும் காட்டினாள். மத்தது, அந்தக் கம்ப்ளெயின்ட், என் கையில இல்ல, மேலாளர்கிட்டதான் பேசணும், அவங்க மத்தியானம் கீழ இருப்பாங்க, பயணிகள் அங்க போகக் கூடாது என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, இன்னைக்குக் கீழ்த்தளத்தைச் சுத்திக் காட்டுறோம், பேர் குடுங்க என்றாள். மைத்துனன் ஏற்கனவே மூவர் பெயரையும் கொடுத்திருந்தான். இலவசம் என்று எழுதியிருந்ததாம்.

பளிங்குத் தளத்தின் மூலையில், ஓவியம் மாட்டிய சுவரில் ஒரு கதவு இருந்தது. அது கதவு என்பதே அதுவரை தெரியாது. வழிகாட்டி தள்ளியதும் திறந்தது. கம்பளம் அங்கேயே முடிந்தது. இரும்புப் படிகள். சுவர்களில் வெள்ளைப் பெயின்ட், குழாய்கள், குழாய்களின் மேல் அம்புக்குறிகள். படிகளில் இறங்க இறங்க, கைப்பிடிச் சுவரில் அவர் உணர்ந்த அந்த மெல்லிய நடுக்கம் உள்ளங்கால் வழியாக ஏறி முழங்காலுக்கு வந்தது.

கீழே ஒரு தெரு. அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. கப்பலின் மூக்கிலிருந்து வால் வரை நேராக ஓடும் பாதை. மறுமுனை கண்ணுக்கு எட்டவில்லை. அதில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி வைத்தவர்கள், எண்ணெய்க் கறை படிந்த நீல உடைக்காரர்கள், முட்டை அட்டைகளை அடுக்கித் தள்ளுவண்டியில் தள்ளுகிறவர்கள், வேலை முடிந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போகிறவர்கள். முடிவெட்டுகிற இடம் ஒன்று இருந்தது. ஒருத்தி சுவரோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு குழந்தைக்கு நாக்கைத் துருத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். மேலே அவர்கள் சாப்பிட்டு, தூங்கி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம் இந்தத் தெரு அவர்கள் கட்டிலுக்கு அடியில் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. எத்தனையோ கட்டடங்களின் உள்பக்கம் பார்த்தவர்தான். அங்கெல்லாம் இயந்திரம்தான் இருக்கும். ஒரு ஊரையே பார்த்ததில்லை. அவர் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் தூரம் போனதும் மைத்துனன், "இவங்க எல்லாருக்குமா மாமா பிரியுது அந்த டிப்ஸ்?" என்றான்.

"எனக்கென்ன தெரியும்?"

சலவைப் பிரிவின் கதவு திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. உள்ளே ஆள் உயரத்துக்கு வெள்ளைத் துணி மலைகள். வட்டக் கண்ணாடிகளுக்குப் பின்னால் துணிகள் எழும்பி எழும்பி விழுந்தன. நடுவில் நீளமான உருளை இயந்திரம். ஒரு பக்கம் இருவர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்துக் கொடுக்க, அது உள்ளே போய், மறுபக்கம் ஆவி பறக்க வழவழவென்று ஆறுபோல வெளியே வந்தது. நிற்கவே இல்லை. எல்லா அறைகளின் எல்லா உறக்கமும் இங்கே வந்து வெளுத்து மறுபடி மேலே போகிறது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கோயிலில் திரை விலகும்போது மட்டும் அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார்.

"எங்க ஆஸ்பத்திரியெல்லாம் இதுல ஒரு மூலைக்குக் காணாது" என்றாள், தனக்குத்தானே.

உருளையின் கடைசியில் ரூம்காரர் நின்றார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. இயந்திரம் கோணலாக மடித்துத் தள்ளியவற்றை எடுத்து, உதறி, தனியாளாக மீண்டும் மடிக்க முயன்றுகொண்டிருந்தார். ஒருவர் மடிக்கிற அகலம் இல்லை அது. ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டார், மறுமுனை தரையில் உரசியது. நிமிர்ந்தபோது அவர்களைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பயணிகளைப் பார்த்ததும் சிரிக்கப் பழகிய அந்தச் சிரிப்பு மட்டும் வந்தது. அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது.

தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. அதைத் தாண்ட வேண்டாம் என்று வழிகாட்டி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். அவள் தாண்டினாள். குனிந்து தரையில் கிடந்த இரண்டு முனைகளையும் எடுத்தாள். மேலாளர் ஓரத்திலிருந்து கையை உயர்த்தினாள். ஆனால் அதற்குள் விரிப்பு இருவருக்கும் நடுவில் விறைப்பாக நின்றுவிட்டது. ஒரே உதறல். படாரென்று காற்று அடித்தது. அவள் முனைகளைச் சேர்த்தாள், அவரும் சேர்த்தார், சொல்லாமலே ஒரே பக்கமாக. இருவரும் எதிரெதிரே நடந்துவந்தார்கள். அவள் தன் முனைகளை அவர் கையில் வைத்தாள், குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். மறுபடி நடந்துவந்தார்கள். கடைசியில் அவர் கையில் ஒரு வெள்ளைக் கட்டி இருந்தது, செங்கல்போல. இருவரும் அதைப் பார்க்கவில்லை. அடுத்ததை எடுத்தார்கள்.

மேலாளர் உயர்த்திய கை பாதியில் நின்றது. "நீங்க எங்கம்மா வேலை பார்த்தீங்க?" என்றாள்.

"ஆஸ்பத்திரியில. சலவை." அவள் கை நிற்கவில்லை. "இவர் மேல தப்பு இல்லம்மா. இவர் வர்றதுக்கு முன்னாடி நானே எல்லாம் செஞ்சிடுவேன். கட்டிலு, பாத்ரூமு, எல்லாம். இவருக்கு ஒண்ணும் விடல."

மேலாளர் ரூம்காரரைப் பார்த்தாள். "இதை ஏன் நேத்தே சொல்லல?"

"என்னன்னு மேடம் சொல்றது?" என்றார் ரூம்காரர். "பயணி பெருக்குறாங்க, நான் நின்னு பார்க்குறேன்னா? எங்க வீட்லகூட யாரும் என்னை அப்படி நிக்க விட்டதில்ல. ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு."

உருளையடியில் நின்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். மேலாளருக்கும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. உடனே அடங்கியது. இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. அதன் ஒலியைக் குறைத்தாள்.

"புரியுதும்மா. ஆனா அது நேத்தே கம்பெனிக்குப் போயிடுச்சு. வேலை செய்யலன்னு பயணி வாயால சொன்னது. அங்க உக்காந்திருக்கிறவங்க இதையெல்லாம் பார்க்க மாட்டாங்க." அவள் கை விரிப்பு, ஆவி, அந்த அறை எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை சுற்றிக்காட்டியது.

வழிகாட்டி மற்றவர்களை வாசல் பக்கம் நகர்த்தத் தொடங்கினார். மைத்துனன் போகாமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கணவர் கோட்டைத் தாண்டி மேலாளரின் அருகே போனார். காலுக்குக் கீழே கப்பல் அதிர்ந்துகொண்டிருந்தது. உருளையிலிருந்து வெள்ளை வந்துகொண்டே இருந்தது. ரூம்காரரும் மனைவியும் ஒரு விரிப்பை நடுவில் பிடித்தபடி, அதை உதறாமல், அவரைப் பார்த்தார்கள். கையிலிருந்த தொப்பியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"பணத்தை எடுக்க மேல கவுன்டர் வச்சிருக்கீங்க. நான் சொன்னதை எடுக்க எந்தக் கவுன்டருக்கும்மா போகணும்?"